தகரக் கடன்

இலங்கை மலையகத்தில், எங்கள் தேயிலைத் தோட்டத்து மரணாதார சங்கத்தின் (சாவுச் செலவுக்கென்று ஆட்கள் காசு சேர்க்கும் சங்கம்) பழைய கொப்பியில், 2013ஆம் வருசத்துப் பக்கத்தில், அம்மாவின் பேருக்கு நேரே "கூரைத் தகரம் 15,000" என்று எழுதியிருக்கிறது. அந்த வருசம் எங்கள் லயத்துக் காமிராவுக்கு, அதாவது வீட்டுக்கு, ஒரு தகரமும் மாற்றவில்லை. மழை பெய்தால் முன்பக்கத்து இஸ்தோப்பில் மூன்று இடத்தில் வாளி வைப்போம். அடுத்த வருசமும் வைத்தோம். அந்தக் காசு, கண்டியில் ஒரு சின்னத் தனியார் கெம்பஸில் நான் சேர்வதற்குக் கட்டிய முதல் தவணை.

கடன் கேட்கப் போன அன்று நானும் அம்மாவோடு போயிருந்தேன். கோயிலுக்குப் பக்கத்தில், வாசிகசாலை என்ற பேர்ப்பலகை மட்டும் மிச்சமிருந்த ஓர் அறையில் கூட்டம். தலைவர் எங்களுக்கு மாமா முறை. கொப்பியைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "சாவுக்குக் குடுக்கலாம், வைத்தியத்துக்குக் குடுக்கலாம், கூரை பேந்துச்சுன்னா குடுக்கலாம். படிப்புக்குன்னு சட்டத்துல எடம் இல்லையே தங்கச்சி" என்றார். அம்மா ஒன்றும் பேசவில்லை. முந்தானையைச் சரிசெய்துகொண்டு எழும்பப் பார்த்தார். மாமா மறுபடி கொப்பியைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், சட்டைப் பையிலிருந்து பேனையை எடுத்தார்.

"ஒங்க கூரை ஒழுகுதுதானே?"

"ஒழுகுது."

"அப்பறம் என்னா."

எழுதிவிட்டார். அறையில் பத்துப் பதினைந்து பேர் இருந்திருப்பார்கள். ஒருவர்கூட மறுத்துப் பேசவில்லை, சிரிக்கவும் இல்லை.

அப்போது நாட்சம்பளத்தின் அடிப்படை 450 ரூபாய். 75 வீத நாட்களுக்கு வேலைக்குப் போனால் தருகிற வரவுக் கொடுப்பனவையும் மற்றதையும் சேர்த்தால் 620. அதாவது 15,000 என்பது மாதம் முழுக்க அம்மாவுக்குப் பேர் விழுந்து (முழு நாள் கூலி பதிவாகி), பிடிப்பனவு ஒன்றும் போகாமல் இருந்தால் கையில் வரும் காசு. அப்படி ஒரு மாதம் அம்மாவுக்கு வந்ததே இல்லை.

ஏன் தனியார் கெம்பஸ் என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நான் வர்த்தகப் பிரிவு, தமிழ் மொழிமூலம். பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் இசட் புள்ளி, வெட்டுப்புள்ளிக்குக் கொஞ்சம் கீழே நின்றுவிட்டது. கொஞ்சம் என்றால், தசமப் புள்ளிக்குப் பிறகு இரண்டாவது இலக்கத்தில். அனுமதியில் 55 வீதம் மாவட்ட அடிப்படையில் போகிறது. பின்தங்கிய மாவட்டங்களுக்கென்று இன்னும் 5 வீதம் இருக்கிறது, நுவரெலியாவும் அதில் உண்டு. அதெல்லாம் கைகொடுத்தும் வெளியே நின்றவள் நான். உயர்தரத்தில் தகுதி பெறுகிறவர்களில் நாலைந்து பேருக்கு ஒருவருக்குத்தான் அரச பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்கிறது. மிச்சப் பேருக்கு எங்கள் பக்கத்தில் என்ன வழி? ஆசிரியப் பயிற்சிக்கான பத்தனை ஸ்ரீபாத கல்வியியல் கல்லூரி ஒன்று. ஜெர்மன் உதவியோடு மலையகப் பாடசாலைகளை மனதில் வைத்துக் கட்டியது, அதற்கும் போட்டிதான். என் கூட்டாளிகள் சிலர் பிறகு ஆசிரிய உதவியாளர் வேலைக்கு மாதம் 6,000 ரூபாய்க்குப் போனார்கள். மற்றவர்கள் கொழும்புக் கடைகளுக்கு.

இலவசக் கல்வி 1945இல் வந்தது என்று பரீட்சைக்குப் பாடமாக்கினோம். தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் கையேற்கத் தொடங்கியது 70களில்தான் என்பதை யாரும் பாடமாக்கச் சொல்லவில்லை. அப்பாயி கைநாட்டு. அம்மா அஞ்சாம் வகுப்பு. நான் காசு கட்டிப் படிக்கும் பட்டதாரி. இந்த வரிசையை நினைத்தால் எனக்குச் சில நாள் பெருமையாக இருக்கும், சில நாள் எரிச்சலாக இருக்கும்.

சட்டப்படி பார்த்தால் இங்கே தனியார் பல்கலைக்கழகம் என்ற சொல்லே கொஞ்சம் இழுபறியானது. 1978ஆம் ஆண்டுப் பல்கலைக்கழகச் சட்டத்தின் கீழ் அங்கீகாரம் பெற்று, பட்டம் வழங்கும் நிறுவனங்கள் இருக்கின்றன. அதுவும் இல்லாமல், வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றின் பட்டத்துக்கு ஆள் சேர்த்துப் படிப்பிக்கும் இடங்களும் இருக்கின்றன. நான் படித்தது இந்த இரண்டாவது வகை, பேர் வேண்டாம். 1981இல் தொடங்கிய ராகம தனியார் மருத்துவக் கல்லூரியிலிருந்து மாலபேயில் வந்த இன்னொன்று வரைக்கும் நடந்த சண்டையெல்லாம் மருத்துவப் பட்டத்தைப் பற்றியதுதான். ஆனாலும் அதன் சூடு எங்களுக்கும் அடித்தது. ஹட்டனிலிருந்து கண்டிக்குப் போகிற பஸ், நாவலப்பிட்டி, கம்பளை எல்லாம் கடந்து பேராதனையைத் தொட்டுக்கொண்டுதான் போகும். சுவரெல்லாம் கல்வியை விற்காதே என்று போஸ்டர் ஒட்டியிருக்கும். அவர்கள் சொன்னது சரி என்றுதான் எனக்கும் பட்டது. ஆனால் நான் இறங்க வேண்டிய இடம் இன்னும் நாலு மைல் தள்ளி இருந்தது.

கெம்பஸ் என்றால் மூன்று மாடி. கீழே தளபாடக் கடை. முதல் மாடியில் அலுவலகம், அதற்கு மேலே வகுப்புகள். நூலகம் என்று ஒரு கண்ணாடி அலுமாரி, சாவி அலுவலக மிஸ்ஸிடம். மொத்தமே தொண்ணூறு பிள்ளைகள்தான். வார இறுதியில் வகுப்பு, கிழமை நாட்களில் நான் ஒரு புடவைக்கடையில் நின்றேன். போடிங்கில் ஓர் அறைக்கு ஆறு பேர். ஆறு பேரும் மலையகம், ஆறு பேரும் புடவைக்கடை. ஞாயிறு இரவுகளில் ஒருத்தி குறிப்பை வாசிக்க, மற்ற ஐந்து பேரும் காலுக்குத் தைலம் தேய்ப்போம்.

பாடம் எல்லாம் ஆங்கிலத்தில். முதல் மூன்று மாதம் நான் வாயே திறக்கவில்லை. கிரயக் கணக்கியல் படிப்பித்த சேர் சிங்களவர், மாத்தளைப் பக்கம். ஒருநாள் தேயிலைத் தொழிற்சாலையை உதாரணமாக எடுத்தார். பச்சைக் கொழுந்து 100 கிலோ உள்ளே போனால் தூளாக வெளியே வருவது 21, 22 கிலோதான். மிச்சமெல்லாம் நீர். அந்தக் குறைவைக் கணக்கில் சாதாரண இழப்பு என்று எடுக்க வேண்டும் என்றார். எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ, கையைத் தூக்கிவிட்டேன். "சேர், அது பெக்டரியில. அதுக்கு முந்தி மலையில நிறுக்கும்போதே தண்ணிக்கு, சாக்குக்குன்னு ரெண்டு மூணு கிலோ கழிப்பாங்க. அந்த இழப்பு எதுல வரும்?" பாதி ஆங்கிலம், பாதி சிங்களம், நடுவில் தமிழும் வந்திருக்கும். சேர் கொஞ்ச நேரம் பலகையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "அது இழப்பு இல்லை. யாரோ ஒருவருக்கு வருமானம். ஆனால் எந்தப் புத்தகத்திலும் அந்தத் தலைப்பில் இருக்காது" என்றார். ஒரு கணக்கை எந்தத் தலைப்பின் கீழ் எழுதுகிறார்கள் என்று பார்க்கும் பழக்கம் எனக்கு அன்றைக்குத்தான் வந்தது. இன்றைக்கு அதுதான் என் தொழிலும்.

பெரிய பல்கலைக்கழகத்தில் இருந்திருந்தால் முந்நூறு பேருக்கு நடுவில் அப்படிக் கை தூக்கியிருப்பேனா தெரியாது. சின்ன இடத்தின் நல்ல பக்கம் அது. வராத பிள்ளைக்கு மிஸ் போன் பண்ணிக் கேட்பார். கெட்ட பக்கமும் அதுதான். தவணை கட்டாதவள் யார் என்பது தொண்ணூறு பேருக்கும் தெரியும்.

இரண்டாம் வருசம் எனக்குப் பாதிக் கட்டணத்துக்கு ஒரு நன்கொடையாளர் கிடைத்தார். கண்டியில் ஹாட்வெயார் கடை வைத்திருந்த முதலாளி. தைப்பொங்கலுக்கு அடுத்த நாள் ஐந்து பிள்ளைகளைக் கடைக்கு அழைத்துப் போவார்கள். ஆணி, வண்ணப்பூச்சு, பிவிசி குழாய் வாசத்துக்கு நடுவில் வரிசையாக நிற்போம். எல்லாருக்கும் கண்ணாடிக் கிளாசில் தேத்தண்ணி வரும். ஒவ்வொருத்தரிடமும் அவர் கேட்பது ஒரே கேள்வி: "மகள், எந்தத் தோட்டம்?" தோட்டத்தின் பேரைச் சொன்னால் எந்த ஆறு, எந்தச் சந்தி என்று அவரே சொல்வார். பிறகு காசோலையைத் தன் கையாலேயே எழுதுவார். கடைசியில் போட்டோ.

போட்டோவைவிட எனக்குக் கஷ்டமாக இருந்தது கடிதம். ஒவ்வொரு தவணைக்கும் நன்றிக் கடிதம் எழுத வேண்டும். அலுவலகத்தில் மாதிரி ஒன்று வைத்திருந்தார்கள், பேரையும் தோட்டத்தையும் நிரப்பினால் போதும். "வறுமையின் கோரப்பிடியில் சிக்கித் தவிக்கும் எனது குடும்பத்துக்கு" என்று தொடங்கும். லீவுக்கு வீட்டுக்கு வந்திருந்தபோது அதைச் சுத்தமாக எழுதிக்கொண்டிருந்தேன். அம்மா ரொட்டி தட்டிக்கொண்டே வாசிக்கச் சொன்னார். வாசித்தேன்.

"கோரப்பிடின்னா என்னா?"

சொன்னேன்.

மாவுக் கையோடு கொஞ்ச நேரம் இருந்தார். "நம்ம தவிக்கிறோமா? வேலைக்குப் போறோம், சாப்பிடுறோம். காசு பத்தல, அவ்வளவுதான். பத்தலன்னு எழுதேன்."

நான் எழுதவில்லை. மாதிரியை மாற்றினால் மிஸ் ஏசுவார் என்று பயம். அந்த வரியை மொத்தம் நாலு தடவை என் கையெழுத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அந்த இரண்டு வருசமும் தீபாவளி முற்பணத்தை எடுத்து மிச்சப் பாதியைக் கட்டியவர் அம்மா. அவருக்கு யாரும் கடிதம் எழுதச் சொல்லவில்லை. அது எனக்குத் தோன்றவும் இல்லை.

முதலாளியின் மேல் எனக்குக் கோபம் இருந்தது, ஒளிக்க வேண்டியதில்லை. 2019இல், வேலை கிடைத்து இரண்டு மூன்று வருசம் ஆனபிறகு, இனிப்புப் பெட்டி ஒன்றோடு கடைக்குப் போனேன். வயதாகியிருந்தார். பேச்சு எங்கெங்கோ சுற்றிப் போட்டோவுக்கு வந்தது. "பெருமைக்குன்னு நெனச்சிருப்பீங்க. நான் ஏமாந்த ஆள் மகள்" என்றார். அதற்கு முன்னால் வேறோர் இடத்தில் மூன்று பிள்ளைகளுக்கு என்று இரண்டு வருசம் கட்டியிருக்கிறார். ஒருநாள் சும்மா பார்த்துவிட்டு வரலாம் என்று போனால், அந்தப் பேரில் மூன்று பிள்ளைகளே இல்லை. "அன்னைலயிருந்து முகத்தப் பாத்துத்தான் குடுப்பேன். கடிதமெல்லாம் நான் கேக்கல. கெம்பஸ்லயிருந்து வரும், ஒரு ஃபைல்ல போட்டு வச்சிருவேன். எல்லாம் ஒரே மாதிரி இருக்கும், ரெண்டு வாசிச்சிட்டு விட்டுட்டேன்." நாலு தடவை எழுதிய வரி! எனக்குச் சிரிப்பதா என்னவென்று தெரியவில்லை.

அடுத்தது எங்கள் பிழை. பழைய மாணவர் சங்கம் என்று பேர் இருந்தாலும் நாங்கள் பதினொரு பேர் இருந்த ஒரு வாட்ஸ்அப் குரூப்தான். டோஹாவில் இரண்டு பேர், டொரன்டோவில் ஒருவர், லண்டனில் ஒருவர், மற்றவர்கள் கொழும்பும் கண்டியும். 2022 ஏப்ரலில், மின்வெட்டும் எரிபொருள் வரிசையுமாக இருந்த நேரம், பொகவந்தலாவைப் பக்கத்துத் தம்பி ஒருவரைப் பற்றி மிஸ் எனக்குச் சொன்னார். கடைசி வருசம். எங்கள் கெம்பஸில் பட்டம் தருவது வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் என்பதால் பதிவுக் கட்டணம் பவுணில். டொலர் 200 சொச்சத்திலிருந்து 300ஐத் தாண்டியபோது பவுணும் கூடவே ஏறியது. அன்றைய விலைக்கே கட்ட வேண்டும் என்று அறிவித்தல் ஒட்டிவிட்டார்கள். 2017இல் அரசாங்கம் தொடங்கிய வட்டியில்லாக் கடன், அமைச்சு அங்கீகரித்த நிறுவனங்களின் பட்டங்களுக்குத்தான், எங்களுக்கு இல்லை. அரச பல்கலைக்கழகப் பிள்ளைகளுக்கான மகாபொல உதவிப்பணமும் இல்லை. தோட்டத்தில் 1,000 ரூபாய் நாட்சம்பளம் வந்து ஒரு வருசம்தான் ஆகியிருந்தது, அரிசியும் மாவும் அதை விழுங்கிவிட்டன. தம்பிக்குப் பற்றாமல் இருந்தது 46,000 ரூபாய்.

பதினொரு பேரில் எல்லாரும் சரி என்றார்கள். அப்புறம் ஒருவர், ஒரு பிள்ளைக்கு மட்டும் கொடுத்தால் சரியில்லை, நிதியம் ஒன்றாகத் தொடங்குவோம் என்றார். நிதியத்துக்குப் பேர் வேண்டும். பேருக்கு மூன்று நாள். இலச்சினை வேண்டும். இரண்டு இலையும் ஒரு மொட்டும் போட்டால் தேயிலைப் பெட்டி மாதிரி இருக்கிறது என்று ஒருவர், மலை போடலாம் என்று ஒருவர். வங்கிக் கணக்குக்கு யாப்பு, அதாவது சங்க விதிகள், வேண்டும். யாப்பை நான்தான் எழுதினேன், ஏழு பக்கம், நோக்கங்கள் பன்னிரண்டு. மூன்று கிழமை போய்விட்டது. மிஸ்ஸுக்குப் போன் எடுத்தால், "அந்தத் தம்பி போன கிழமையே வெலகிட்டாரே" என்றார். புறக்கோட்டையில் ஒரு கடையில் இருப்பதாகக் கேள்வி. எனக்குக் கிடைத்த இலக்கத்துக்கு மெசேஜ் போட்டேன். இரண்டு நீலக்கோடும் விழுந்தது. பதில் வரவில்லை. 46,000 ரூபாயைப் பதினொரு பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 4,182. இலச்சினை வரைந்தவருக்கு நாங்கள் கொடுத்தது 8,500.

இன்று நாங்கள் கட்டணத்துக்கு ஒரு சதமும் கொடுப்பதில்லை. இதைக் கேட்டால் புதிதாகச் சேர்கிற எல்லாரும் முகம் சுழிக்கிறார்கள். பத்து வருசத்துப் பிள்ளைகளை ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்துத்தான் இந்த முடிவுக்கு வந்தேன். கட்டணத்துக்கு எப்படியோ ஆள் கிடைத்துவிடுகிறது. சித்தப்பா கொடுப்பார், நகை அடகுக்குப் போகும், முதலாளி மாதிரி ஒருவர் வருவார். கட்டணம் என்றால் அதில் ஒரு கௌரவம் இருக்கிறது. பிள்ளைகள் விழுவது சின்னக் காசில். ஹட்டனிலிருந்து கண்டிக்கு வந்துபோகும் பஸ் காசு. போடிங் அட்வான்ஸ். போட்டோகொப்பி. ஒரு பாடம் தவறினால் கட்ட வேண்டிய மறுபரீட்சைக் காசு. என்னோடு அறையில் இருந்த ஆறு பேரில் இரண்டு பேர் பட்டம் முடிக்கவில்லை. ஒருத்தி நின்றது மறுபரீட்சைக் காசு 3,500 இல்லாமல். அவள் அதை யாரிடமும் கேட்கவில்லை. கட்டணத்துக்கு அதற்குள் எத்தனை பேரிடம் கேட்டிருப்பாள், இன்னும் எந்த முகத்தோடு கேட்பது?

ஆகவே மாதாமாதம் நாலு பிள்ளைகளுக்குச் சின்னக் காசு, தேவைப்படி 2,000த்திலிருந்து 6,000 வரை. கடிதம் இல்லை, போட்டோ இல்லை. டொரன்டோக்காரர், "யாருக்குப் போகுதுன்னு தெரியாம எப்பிடி அனுப்புறது?" என்று கேட்டார். அதில் தப்பில்லை, முதலாளி கேட்டதும் அதேதான். முதலாளியிடமும் போனேன். "பஸ் காசுக்கு என்னா ரசீது மகள்?" என்றார். பிரைவட் பஸ்ஸில் டிக்கெட்டே தருவதில்லை, என்ன ரசீது காட்டுவது. "நீங்க கையெழுத்து வைக்கிறீங்களா?" என்றார் பிறகு. வைக்கிறேன் என்றேன். காசோலைப் புத்தகத்தை எடுத்தார்.

ஏமாறவில்லையா என்றால், ஒரு தடவை ஏமாந்தோம். படிப்பை விட்டுவிட்ட ஒருவர் இரண்டு மாதம் பஸ் காசு வாங்கிக்கொண்டிருந்தார். முதலாளியிடம் நானே போய்ச் சொன்னேன். "ரெண்டு மாசந்தானே? எனக்கு ரெண்டு வருசம்" என்றார்.

கணக்கு வைப்பது நான். விரிதாளில் இந்தக் காசுக்கு ஒரு தலைப்பு வேண்டியிருந்தது. உதவி என்று போட மனமில்லை, புலமைப்பரிசில் என்று போட்டால் பொய். "தகரம்" என்று போட்டுவிட்டேன். முதல் அறிக்கை போனபோது டோஹாவிலிருந்து ஒருவர், "எந்தக் கூரைக்கு?" என்று கேட்டார். மூன்று நிமிசக் குரல் மெசேஜில் கதையைச் சொன்னேன். அதற்குப் பிறகு யாரும் கேட்டதில்லை.

போன மழைக்காலத்தில் கினிகத்தேனைப் பக்கம் மண் சரிந்து பாதை மூடிக் கிடந்தது. ஒரு ஞாயிறு இரவு, நான் மாதக் கணக்கை முடித்துக்கொண்டிருக்கும்போது, நாலு பேரில் ஒரு தங்கச்சியிடமிருந்து மெசேஜ்.

"அக்கா, ரெண்டு கிழமை கிளாஸ் போகல. பஸ் காசுல 1,760 மிச்சம் இருக்கு. திருப்பி அனுப்பவா?"

"வச்சிரு" என்று எழுதினேன்.

கொஞ்ச நேரம் கழித்து மறுபடி: "அப்ப கணக்குல என்னான்னு போடுவீங்க?"

அந்தக் கட்டத்தை இன்னும் நிரப்பவில்லை.